பட்டிப்பொல குளிரில் வான் வண்டியின் லிதியம் பற்றரி மின்னேற மறுத்தது: பழுதா, பாதுகாப்பா?

மலைப்பாதை (ஹட்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய டீசல் ஹயேஸ் வான் ஒன்றைக் குடும்பத்தோடு இரவில் தங்கிச் செல்லத்தக்கதாக மாற்றி வைத்திருக்கிறேன். இயந்திரத்தைத் தொடக்கும் பற்றரியில் கை வைக்காமல், உள்விளக்குகள், சிறிய குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு, தொலைபேசிகள் ஆகியவற்றுக்காக 12.8 வோல்ற், 100 ஆம்பியர் மணி கொண்ட லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று தனியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே இடம் போதாமையால், அது வானின் தளத்துக்குக் கீழே, சட்டத்தோடு பிணைத்த ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கூரையில் 100 வாற்று சோலார் பெனல்கள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஓடும்போது, இயந்திரத்தோடு சுழலும் மின்பிறப்பாக்கியான ஒல்ற்றனேட்டரிலிருந்து ஒரு ரிலே (தானியங்கி ஆளி) வழியாகவும் மின்னேறும்.

தை மாதத்தில் ஹோர்ட்டன் சமவெளிக்கு அதிகாலையிலேயே நுழைவதற்காக முந்தைய இரவைப் பட்டிப்பொலப் பக்கம், புல்வெளி ஓரமான ஒரு தாழ்ந்த இடத்தில் கழித்தோம். விடிந்தபோது புல் முழுவதும் துகள் உறைபனியால் வெளுத்திருந்தது. தொலைபேசி வெப்பநிலை 4 பாகை செல்சியஸ் என்று காட்டியது. இயந்திரத்தை அரை மணித்தியாலம் ஓடவிட்டும் பற்றரிக்குள் ஓர் ஆம்பியர்கூடப் போகவில்லை என்பதைப் பற்றரியின் புளூடூத் செயலியில் கண்டேன். வெயில் தெளிவாக அடித்தும் பெனலிலிருந்தும் எதுவும் ஏறவில்லை. ஆனால் விளக்குகளும் குளிர்சாதனப் பெட்டியும் வழக்கம்போல் இயங்கின. ஒன்பது மணியளவில், யாரும் எதையும் தொடாமலேயே, மின்னேற்றம் தானாகத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஹட்டனில் ஒரு தடவைகூட இப்படி நடக்கவில்லை.

பற்றரியை விற்றவரிடம் கேட்டபோது, பழுதாக இருந்தால் கழற்றிக் கொண்டுவரும்படி சொன்னார். கனடாவில் இருக்கும் மைத்துனர், தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் பற்றரிதான் குளிருக்கு ஏற்றது, மற்றவை கெட்டுப்போகும் என்று சொல்கிறார். அத்தகைய பற்றரியை இங்கே தருவிப்பதானால் இன்னொரு பற்றரியின் விலை ஆகும். எனது பற்றரி பழுதடைந்துவிட்டதா? நுவரெலியாப் பக்கம் இரவு தங்குவதற்கு உண்மையிலேயே சூடேற்றி அவசியமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நானுஓயா மின்பணி எழுதியது:

பற்றரி பழுதாகவில்லை. அது செய்யவேண்டியதைத்தான் செய்திருக்கிறது. இந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவான பற்றரிகளும் சந்தையில் இருப்பதால், உங்களுடையதில் அது வேலை செய்கிறது என்பது காசு செலவில்லாமல் கிடைத்த சோதனை முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரிக்குக் குளிர் என்பது மின்னைக் கொடுக்கும்போது ஒரு விதமாகவும் வாங்கும்போது வேறு விதமாகவும் பொருள்படும். கொடுப்பதைப் பெரும்பாலான பற்றரிகள் உறைநிலைக்கு 20 பாகை கீழே வரையிலும் செய்யும். உள்தடை கூடுவதால் வோல்ற்றளவு சற்று இறங்கும், கொள்ளளவும் கொஞ்சம் குறைந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். வாங்குவதுதான் சிக்கல். மின்னேற்றும்போது லிதிய அயன்கள் எதிர்முனையில் உள்ள காரீயத்தின் (கிரபைற்) அடுக்குகளுக்கு இடையே புகுந்து அமரவேண்டும். உறைநிலைக்குக் கீழே அந்தப் புகுதல் மிகவும் மெதுவாகிவிடுவதால், வந்து சேரும் அயன்கள் உள்ளே போக வழியின்றி மேற்பரப்பிலேயே உலோக லிதியமாகப் படிந்துவிடுகின்றன. அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வராது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உட்குறுக்குச் சுற்றும் ஏற்படலாம். இதனால்தான் உற்பத்தியாளர்கள் மின்னேற்றத்துக்கு 0 முதல் 45 பாகை வரை என்று எல்லை குறிக்கிறார்கள். பற்றரிக்குள் இருக்கும் பீ.எம்.எஸ். பலகை, அதாவது பற்றரியைக் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்சுற்றுப் பலகை, அந்த எல்லையைக் காவல் காக்கிறது. மின்னேறும் பாதையை மட்டும் மூடி, மின்வெளியேறும் பாதையைத் திறந்தே விட்டதனால்தான் உங்கள் விளக்குகள் எரிந்தன.

ஒன்பது மணிக்குத் தானாகத் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. தடுக்கும் வெப்பநிலையும் மீண்டும் அனுமதிக்கும் வெப்பநிலையும் ஒன்றாக இருந்தால் பலகை நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே சில பாகை இடைவெளி வைப்பார்கள். ஆகவே இரவில் ஒரு தடவை எல்லையைத் தொட்டுவிட்டால், காலையில் வெப்பநிலை அதைத் தாண்டி ஏறிய பிறகும் சிறிது நேரம் கதவு மூடியே இருக்கும். உங்கள் கைநூலில் இந்த இரண்டு எண்களும் இருக்கவேண்டும். செயலியில் பற்றரியின் சொந்த வெப்பநிலையும் தெரியும். தொலைபேசி காட்டும் வானிலை எண்ணை இந்த விடயத்தில் நம்பவேண்டாம், அது உங்கள் பற்றரியின் வெப்பநிலை அல்ல.

அந்த இரண்டு எண்களையும், பெனலுக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள சோலார் கட்டுப்படுத்தி எந்த வகைப் பற்றரிக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், பெனல்களின் பின்புற லேபலில் உள்ள திறந்த சுற்று வோல்ற்றளவையும் (எந்தச் சுமையும் இணைக்காதபோது உள்ள அளவு) எழுதுங்கள். உங்கள் வண்டியில் குளிரைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கலாம் என்று எனக்கு ஐயம் இருக்கிறது.


தியத்தலாவை ஆசிரியை எழுதியது:

பௌதிகவியல் கற்பிப்பவள் என்ற முறையில், உறைபனி பற்றி ஒரு விளக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். வானிலை நிலையங்களில் வெப்பமானி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பு உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்கும். மேகமற்ற, காற்றசைவற்ற இரவில் புல்லும் நிலமும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழந்துவிடுவதால், அந்த வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும்போதே புல்லின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போய்விடக்கூடும். குளிர்ந்த காற்றுப் பாரமானது, சரிவில் வழிந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். சகோதரரின் பற்றரிப் பெட்டி, தேங்கிய அந்தக் காற்றுக்குள்ளேயே, நிலத்திலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில் இரவு முழுவதும் தொங்கியிருக்கிறது. இரும்புப் பெட்டி என்பதால் வெப்பத்தைத் தடுக்கவும் எதுவும் இல்லை. அதே வானைச் சில மீற்றர் உயரமான மேட்டில், மரக்கூட்டத்துக்கு அருகில் நிறுத்தியிருந்தால் அன்று காலை அவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஹட்டனில் இது நடக்காததில் வியப்பில்லை. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகை என்ற பொதுக் கணக்கின்படி பார்த்தால் இரண்டுக்கும் இடையே மூன்றரைப் பாகை வேறுபாடு, தெளிந்த இரவுகளில் நிலமட்டத்தில் அதைவிட அதிகம். பட்டிப்பொல, அம்பேவல, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய பகுதிகளில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகள்தான் கவனிக்கவேண்டியவை. அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இறங்கினாலும் பற்றரிக்கு அந்தப் பயம் இல்லை, ஏனெனில் மூடுபனியும் மேகமும் நிலத்துக்குப் போர்வையாகிவிடுகின்றன.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு பிறக்கிறது. மேகம் இருந்தால் உறைபனி இல்லை, உறைபனி இருந்தால் மேகம் இல்லை. எனவே பற்றரி மிகக் குளிர்ந்திருக்கும் காலையில்தான் சூரியனும் எந்தத் தடையுமின்றி எழும்பி, பெனல் ஏழு மணிக்கே மின்னை அனுப்பத் தொடங்கும். மந்தாரமான காலையில் பெனல் சோம்பிக் கிடப்பதால் பற்றரி தப்பித்துக்கொள்ளும். பாதுகாப்புப் பலகை இல்லாத பற்றரி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்கவேண்டும்.


லிந்துலை வானோட்டி எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஈய அமிலப் பற்றரியை உறைபனியிலும் மின்னேற்றலாம், விலையும் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் எனது வானில் இன்றும் அதுதான் இருக்கிறது. லிதியம் வேண்டும் என்பவர்கள் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் குளிர்ப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள், இலங்கையில் குளிர் எங்கே இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். இன்னொன்று, எனக்குத் தெரிந்த ஒருவர் லிதியம் பற்றரியோடு பெரிய இன்வேர்ட்டரும் போட்டிருந்தும், காலையில் தேநீருக்கு மின்கேத்தலைச் செருகியவுடன் எல்லாமே அணைந்துபோயின. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.


மலைப்பாதை (ஹட்டன்) எழுதியது:

மின்பணி அண்ணாவுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் மிக்க நன்றி. இரவு நிறுத்திய இடம் நீங்கள் விவரித்தது போலவே ஒரு பள்ளம்தான்.

கைநூலில் மின்னேற்றத் தடை 0 பாகை, மீள அனுமதி 5 பாகை என்று இருக்கிறது. அன்று காலை ஏழரை மணிக்கு எடுத்து வைத்த செயலியின் திரைப்பிடிப்பில் பற்றரியின் வெப்பநிலை 3 பாகை என்று தெரிகிறது, எனவே நீங்கள் சொன்ன கணக்குப் பொருந்துகிறது. சோலார் கட்டுப்படுத்தி கராஜில் பொருத்திக் கொடுத்தபடியே ஈய அமிலம் என்ற அமைப்பில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் பற்றரிப் பெட்டிக்குப் போகிறது, வெப்ப உணரி என்று நினைக்கிறேன். கட்டுப்படுத்தியின் மேல் உச்ச உள்ளீடு 50 வோல்ற் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பெனல் ஒவ்வொன்றின் திறந்த சுற்று வோல்ற்றளவும் 24. இவற்றில் ஏதாவது பிழையா?


நானுஓயா மின்பணி எழுதியது:

தம்பி, நான் ஐயப்பட்டது இதைத்தான். உறைபனி உங்கள் பற்றரியை வருடத்தில் ஒரு சில காலைகளில் மட்டுமே தொடும், அதையும் பலகை தடுத்துவிடுகிறது. ஆனால் ஈய அமில அமைப்பு, நுவரெலியாவின் சாதாரணக் குளிரிலேயே, ஒவ்வொரு நாளும் பற்றரியைத் தொந்தரவு செய்யக்கூடியது.

ஈய அமிலப் பற்றரிக்குக் குளிரில் கூடிய வோல்ற்றளவு தேவை. அதனால் அந்த அமைப்பில் கட்டுப்படுத்தி வெப்ப உணரியைப் பார்த்து, 25 பாகைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.02 முதல் 0.03 வோல்ற் வரை கூட்டிக்கொண்டே போகும். பற்றரிப் பெட்டி 5 பாகையில் இருந்தால் 0.4 முதல் 0.6 வோல்ற் வரை கூடுதல். அடிப்படை அளவு 14.4 என்றால் அது 14.8க்கும் 15க்கும் இடையில் போய் நிற்கும். உங்கள் பற்றரியில் தொடராக உள்ள நான்கு கலங்களுக்கும் கலத்துக்கு 3.65 வோல்ற், அதாவது மொத்தம் 14.6 என்பதே உச்ச எல்லை. அதைத் தாண்டும்போது பலகை மறுபடியும் மின்னேற்றத்தைத் துண்டிக்கும். நீங்கள் அதையும் குளிர்ப் பாதுகாப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதோடு, ஈயத் தகடுகளைச் சுத்தப்படுத்துவதற்காகச் சில கட்டுப்படுத்திகள் குறித்த இடைவெளியில் 15 வோல்ற்றையும் தாண்டி ஏற்றும் ஒரு கட்டமும் அதே அமைப்பில் ஒளிந்திருக்கும். லிதியத்துக்கு அது கூடவே கூடாது. பலகை என்பது கடைசிக் காவல். தினமும் அதைக் கொண்டு வண்டி ஓட்டக்கூடாது.

ஆகவே முதல் வேலையாக அமைப்பை லிதியம் இரும்பு பொஸ்பேற் என்று மாற்றுங்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் பயனர் அமைப்பில் உச்சத்தை 14.2 அல்லது 14.4 ஆகவும், அதன்பின் தாங்கி நிற்கும் அளவை 13.5 ஆகவும் வைத்து, வெப்பத்துக்கேற்ற திருத்தத்தைப் பூச்சியமாக்குங்கள். வெப்ப உணரியைக் கழற்றிவிடவேண்டாம். லிதியத்துக்கான நல்ல கட்டுப்படுத்திகளில் அதே உணரியைக் கொண்டு குறித்த வெப்பநிலைக்குக் கீழே மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. அதை 5 பாகையில் வைத்தால் கட்டுப்படுத்தியே முதலில் நிறுத்தும், பலகைக்கு வேலை வராது. உணரி இல்லாத கட்டுப்படுத்திகள் தம் சொந்த உடலின் சூட்டைப் பார்த்து முடிவெடுக்கும். வானுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும் கட்டுப்படுத்திக்கு, தளத்துக்குக் கீழே உறைந்துகிடக்கும் பற்றரியின் நிலை எப்படித் தெரியும்?

அடுத்தது பெனல். 24 வோல்ற் என்பது 25 பாகையில் அளந்தது. குளிரில் பெனலின் வோல்ற்றளவு பாகைக்கு ஏறத்தாழ 0.3 வீதம் கூடும் என்பதால், 5 பாகையில் ஒவ்வொன்றும் 25.4ஐத் தாண்டும். தொடராக இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 51 வோல்ற். 50 வோல்ற் உச்சம் கொண்ட கட்டுப்படுத்தி அதைத் தாங்கவேண்டிய கடமை இல்லை. ஆசிரியை அவர்கள் சொன்ன அதே தெளிந்த காலையில், அதிலும் பற்றரி மின்னேற மறுத்து, பெனல் எந்தச் சுமையும் இல்லாமல் திறந்த சுற்றில் நிற்கும் அந்த மணித்தியாலங்களில்தான் இது உச்சத்தைத் தொடும். இரண்டு பெனல்களையும் சமாந்தரமாக மாற்றிவிடுங்கள். வோல்ற்றளவு 24இல் நிற்கும், மின்னோட்டம் இரட்டிக்கும். வயரின் தடிப்பும் கட்டுப்படுத்தியின் ஆம்பியர் அளவும் அதற்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சவுக்கு நிழல் ஒரு பெனலின் மேல் விழும் மலைநாட்டுத் தரிப்பிடங்களுக்குச் சமாந்தர இணைப்பே மேலும் பொருத்தமானது.

ரிலே பற்றியும் ஒரு வார்த்தை. லிதியம் பற்றரியின் உள்தடை மிகக் குறைவு என்பதால், பாதி காலியாக இருக்கும்போது ஒல்ற்றனேட்டர் தரக்கூடியதையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். கினிகத்தேனை ஏற்றத்தில் தாழ் கியரில் மெதுவாக ஏறும் பழைய வானில், ஒல்ற்றனேட்டரைக் குளிர்விக்கக் காற்றும் போதாது. 20 அல்லது 30 ஆம்பியர் அளவான டீ.சீ. டீ.சீ. சார்ஜர் ஒன்றை இடையில் வைத்தால் இழுப்பு ஓர் எல்லைக்குள் அடங்கும், உச்ச வோல்ற்றளவும் சரியாக இருக்கும். குளிர்ந்த பற்றரிக்கு அது இன்னொரு விதத்திலும் நல்லது. உறைநிலைக்குச் சற்று மேலே, பத்துப் பாகைக்குள், பற்றரி மின்னை ஏற்கும் என்றாலும் அள்ளிக் கொட்டினால் படிவு உண்டாகும் அபாயம் முற்றாக நீங்குவதில்லை. அந்த நேரத்தில் 100 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு 10 முதல் 20 ஆம்பியர் வரை போதும். சூடேற்றியில் செலவிட நினைத்த பணத்தை நான் இந்தச் சார்ஜரில் செலவிடுவேன்.

சூடேற்றி அவசியமா என்ற கேள்விக்கு வருகிறேன். கனடாவில் வாரக்கணக்கில் பகலிலும் உறைநிலைக்குக் கீழே இருக்கும், அங்கே சூடேற்றி இல்லாவிட்டால் பற்றரி மாசி முழுவதும் மின்னேறாமலே கிடக்கும். மைத்துனர் தம் ஊருக்குச் சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார். பட்டிப்பொலவில் ஒன்பது மணி வரை பொறுத்தால் சூரியனே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பொறுப்பதால் என்ன நட்டம் என்றும் பாருங்கள். குளிரான இரவில் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் அரிதாகவே ஓடும். மாலையில் நிரம்பிய பற்றரி காலையிலும் பெரும்பகுதி நிரம்பியே இருக்கும். அதற்கு ஏழு மணிக்கே மின்னேற்றவேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

அப்படியும் வேண்டுமென்றால், கணக்கு இதோ. 11 கிலோகிராம் எடையுள்ள பற்றரியை 0இலிருந்து 6 பாகைக்கு உயர்த்த, வெப்பம் வெளியே கசியாவிட்டால், 20 வாற்று மணிக்குள் போதும். உங்கள் பற்றரியில் 1280 வாற்று மணி இருக்கிறது. மின்வெளியேற்றம் குளிரிலும் அனுமதிக்கப்படுவதால், 30 வாற்று சூடேற்றும் தகடு ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு அதே பற்றரியிலிருந்து இயக்கினால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும். ஆனால் பெட்டிக்கு உள்ளே நுரைப்பலகை ஒட்டாமல் இரும்பு அம்மணமாக இருந்தால் அந்தச் சூடெல்லாம் பட்டிப்பொல காற்றுக்குத்தான். முதலில் நுரைப்பலகை, பிறகுதான் தகடு. அதைவிடவும் நல்ல வழி, பற்றரியை உள்ளே கொண்டுவருவது. திரவ ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வெளியேறும் என்பதால் அதை வெளியே வைப்பது வழக்கமாயிற்று. லிதியம் இரும்பு பொஸ்பேற் இயல்பான மின்னேற்றத்தில் வாயு வெளிவிடாது. ஆசனத்துக்குக் கீழே அசையாமல் பிணைத்து வைத்தால், நீங்கள் உறங்கும் அறையின் வெதுவெதுப்பே அதற்குப் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: அறையைச் சூடாக்குகிறேன் என்று கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கதவை மூடிய வானுக்குள் எரியவிட்டுத் தூங்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

லிந்துலை அண்ணன் கேட்ட கேத்தல் கேள்விக்கு விடை குளிரில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. 1500 வாற்றுக் கேத்தல், இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 12.8 வோல்ற்றில் 130 ஆம்பியர் அளவில் இழுக்கும். 100 ஆம்பியர் பலகை உள்ள பற்றரி அதைக் கண்டவுடன் துண்டிக்கும். ஒரு லீற்றர் தண்ணீரை 10 பாகையிலிருந்து கொதிக்கவைக்கத் தேவையான சக்தியோ ஏறத்தாழ 100 வாற்று மணிதான். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுவதால் இன்னும் சற்றுக் குறையும். 500 வாற்றுப் பயணக் கேத்தல் என்றால் பதினைந்து நிமிடம் பொறுக்கவேண்டும், பற்றரி முணுமுணுக்காது.


லிந்துலை வானோட்டி எழுதியது:

கேத்தல் விளக்கம் எனக்கு ஏற்புடையது. இருந்தாலும் தேநீருக்கு எரிவாயு அடுப்பே மேல் என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, கதவைத் திறந்து வைத்துத்தான். ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைகிறது என்பதையும், பாதி நிரம்பிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் கெடுகிறது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.


பண்டாரவளை பசுமைச்சக்தி எழுதியது:

மேலே சொல்லப்படாத இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

பலர் வோல்ற்றளவைப் பார்த்து எவ்வளவு மின் மீதமிருக்கிறது என்று கணிக்கிறார்கள். ஈய அமிலத்தில் ஓரளவு பொருந்திய அந்தப் பழக்கம் இங்கே பொருந்தாது. 90 வீதத்திலிருந்து 40 வீதம் வரை இறங்கும்போதும் இந்தப் பற்றரியின் ஓய்வு வோல்ற்றளவு ஏறத்தாழ 13.3க்கும் 13.1க்கும் இடையிலேயே நிற்கும். குளிரில் சுமை ஏறும்போது தற்காலிகமாக இறங்கும் வோல்ற்றளவு, காலியாகிவிட்டதோ என்ற பீதியையும் கூட்டும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீற்றர் ஒன்று இருந்தால் இந்த ஊகங்கள் தேவையில்லை. அந்த மீற்றரின் கணக்கும் நாளடைவில் சற்று விலகும் என்பதால், இடைக்கிடை பற்றரியை முழுமையாக நிரப்பிச் சரிசெய்யவேண்டும். கலங்களுக்கு இடையிலான சமநிலையைப் பலகை சீர்ப்படுத்துவதும் பெரும்பாலும் உச்சத்தை நெருங்கும்போதுதான்.

மழைக்காலத்தில் வானை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் பற்றரியை நிரப்பிவிட்டுப் போகவேண்டாம். பாதியளவில் விட்டு, சுமைகளையும் சோலாரையும் துண்டித்துவிட்டால் போதும். தானாகக் கசிவது மாதத்துக்கு ஓரிரு வீதம் அளவே. நீண்டகால ஆயுளைப் பொறுத்தவரை நுவரெலியாவின் குளிரைவிடக் கொழும்பின் வெக்கைதான் இந்தப் பற்றரிகளுக்குப் பகை. மலையில் நிறுத்திவைப்பது ஒரு வகையில் நன்மையே. ஈரம் மட்டும் விதிவிலக்கு. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின்போது ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பெட்டிக்குள் நீர்த்துளி படிந்து முனைகளும் பியூஸ் தாங்கியும் பச்சை பிடிக்கும். முனைகளை இறுக்கி, மெல்லியதாக வசலின் பூசி, பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கு ஒரு துளை விடுங்கள்.

நிசான் லீஃப் காரிலிருந்து கழற்றிய கலங்களைக் கொண்டு பற்றரி கட்டியவர்கள் இந்த இழையில் உள்ள வோல்ற் அளவுகளைப் பின்பற்றவே கூடாது. அவை வேறு வேதியியல், கலத்துக்கு 3.7 வோல்ற் அளவிலானவை. குளிரில் மின்னேற்றக்கூடாது என்ற விதி மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.


மலைப்பாதை (ஹட்டன்) எழுதியது:

கட்டுப்படுத்தியின் அமைப்பை மாற்றிவிட்டேன், லிதியம் என்ற தெரிவு பட்டியலில் இருந்தது. பெனல்களை மாற்றும் வேலையை இந்த வாரம் கராஜில் செய்விக்கிறேன். பற்றரியைப் பின் ஆசனத்தின் கீழ் கொண்டுவருவதற்கும் அளவெடுத்தாயிற்று. கடைசியாக ஒன்று: இடம் மாற்றும்போது வெப்ப உணரியை முனையில் பொருத்துவதா, பற்றரியின் உடலில் ஒட்டுவதா?


நானுஓயா மின்பணி எழுதியது:

உடலில் ஒட்டுங்கள், பக்கவாட்டின் நடுப்பகுதியில். முனை கனமான வயரோடு சேர்ந்திருப்பதால் மின்னோட்டம் கூடும்போது விரைவாகச் சூடாகி, உள்ளே கலங்கள் இன்னும் குளிர்ந்திருக்கையிலேயே வெதுவெதுப்பாகிவிட்டதாகப் பொய் சொல்லும். ஒட்டியதன் மேல் சிறு நுரைத்துண்டு ஒன்றை வைத்து நாடாவால் மூடினால் அறைக் காற்றின் தாக்கம் குறையும். வயரை நீட்டவேண்டி வந்தால் பொசிற்றிவ் வயரில் பற்றரிக்கு மிக அருகில் பியூஸ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கராஜில் பெனலை மாற்றும்போது முதலில் பெனல் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன்பின்தான் பற்றரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது பற்றரி முதலில், பெனல் பிறகு.